சூடு தெரியாத கை

கமலா சோற்றுக் குண்டானின் இரு காதுகளையும் வெறுங்கையால் பிடித்து அடுப்பிலிருந்து இறக்கினாள். கரித்துணி பக்கத்திலேயே கிடந்தது, எடுக்கவில்லை. குண்டானைச் சாய்த்துக் கஞ்சியை வடித்தாள். மூடித்தட்டு நழுவியபோது ஆவிக்குள் விரலை விட்டு நிமிர்த்தி வைத்தாள். தண்ணீர் குடிக்க வந்த பிள்ளைகள் சமையலறை வாசலில் நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள்.

மலைமேல் கொட்டச்சேடு என்ற ஊருக்கு அப்பால் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி அது. எட்டு வகுப்புகளுக்கு மூன்று ஆசிரியர்கள். சுற்றியுள்ள ஊர்களில் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க நினைக்கும் பிள்ளை இங்கேதான் நடந்து வரவேண்டும். மதியச் சோறு இல்லையென்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று தலைமையாசிரியர் ஜீவானந்தமே சொல்வார்.

அந்தச் சோற்றைப் பல வருஷமாக ஆக்கியவள் கமலா. மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து புருஷன் செத்தபின் கிடைத்த வேலை. அதை வைத்துத்தான் ஒரே மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். கமலாவை நெருப்பு சுடாது என்பது ஊருக்குள் பெருமையான பேச்சு. கோயில் பொங்கலுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் அந்தப் பேச்சை ரசித்தாள். "எங்கம்மா என்னைய அடுப்படியிலதானுங்க பெத்தா, அதுக்குப் பயந்தா ஆகுமா?" என்பாள்.

நான் கிராமச் சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். போன ஆவணியில், ஏழாம் எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகளிடம் மாதவிலக்கு பற்றிப் பேசுவதற்காகத் தலைமையாசிரியர் கூப்பிட்டிருந்தார். பேசி முடித்ததும் கமலா டீ கொண்டுவந்தாள். டம்ளரை நீட்டிய விரலோரத்தில் கொப்புளம் உடைந்து சதை தெரிந்தது. வலிக்கவில்லையா என்று கேட்டேன். எப்போது பட்டதென்றே தெரியாது என்றாள். சுண்டுவிரல் லேசாக மடங்கியிருந்தது. முழங்கைக்குக் கீழே ஓர் இடம் மட்டும் நிறம் வெளுத்து, முடியில்லாமல் இருந்தது.

சமையலறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். கண்ணை மூடிக்கொள், பஞ்சால் தொடுகிற இடத்தைச் சொல் என்றேன். கண்ணை மூடிக் கையை நீட்டினாள்.

"இன்னும் தொடவே இல்லீங்களே நர்சம்மா" என்றாள்.

அதற்குள் நான் சுண்டுவிரலையும் புறங்கையையும் தொட்டு முடித்திருந்தேன்.

அது பழக்கத்தால் வந்த உறுதி இல்லை, நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். தொழுநோயாக இருக்கலாம், டாக்டர் பார்க்கவேண்டும் என்றும் சொன்னேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதால் யாருக்கும் நன்மை கிடையாது. கமலா அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரும் அதையே உறுதிசெய்தார். மாத்திரை இலவசம். மாதத்துக்கு ஓர் அட்டை, ஒருநாள் விடாமல் சாப்பிடவேண்டும். ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குத் தொற்றுவது நின்றுவிடும். சோற்றாலும் பாத்திரத்தாலும் எப்போதும் தொற்றியதில்லை. புண் ஆறும்வரை அடுப்பைத் தொடாதே என்று மட்டும் நான் கண்டிப்பாகச் சொன்னேன். மகள் ஊருக்குப் போவதாகச் சொல்லி லீவு போட்டாள். திரும்பி வந்தபின் கரித்துணி இல்லாமல் பாத்திரத்தைத் தொடவில்லை. பிள்ளைகள் ஏனென்று கேட்டதற்கு வயசாகிவிட்டது என்றாள். மாத்திரையால் மேல்தோல் கறுத்தது. அதற்கு வெயில்மேல் பழி போட்டாள்.

"வெளிய தெரிஞ்சா எஞ்சோத்த ஒருத்தரும் தொடமாட்டாங்க நர்சம்மா. இந்த அடுப்ப உட்டா எனக்கு வேற என்னங்க இருக்குது?" என்று என்னிடம் கேட்டாள். நோயாளியின் பேரை வெளியே சொல்வது என் வழக்கமில்லை என்றேன். இப்போது எழுதுவதுகூட அவள் சம்மதம் தந்த பிறகுதான்.

ஓர் இடத்தில் இந்த நோய் தெரியவந்தால் அங்கே பழகுகிற எல்லோரையும் பரிசோதிப்பது முறை. ஐப்பசியில் சுகாதாரப் பணியாளர்கள் பள்ளிக்கு வந்து, தலைமையாசிரியரிடம் மட்டும் காரணத்தைச் சொல்லிவிட்டு, பிள்ளைகளின் முதுகு, கை, கால் எல்லாம் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. ஆறாம் வகுப்பு ஸ்டெஃபியின் கன்னத்தில் வெளுத்த தேமல் இருந்ததால் அவளை மட்டும் வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து இன்னொரு முறை பார்த்தார்கள். வெறும் தேமல் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த இன்னொரு முறைதான் வினையாகிவிட்டது.

ஸ்டெஃபி எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பிள்ளை, ஏசுராஜின் மூத்த மகள். அந்த வருஷம்தான் இந்தப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். பள்ளியில் பெருநோய் வந்திருக்கிறது, அது அந்தப் பிள்ளைக்குத்தான் என்று பேச்சுப் பரவியது. சாப்பாட்டு வரிசையில் அவளுக்கு இருபக்கமும் இடம் காலியானது. அவள் தட்டைக் கழுவின இடத்தில் மற்றவர்கள் கழுவவில்லை. பத்து நாளில் வருவதை நிறுத்திவிட்டாள். தலைமையாசிரியர் லைன் வீட்டுக்கே போய்ப் பேசிப் பார்த்தார். அவள் வீட்டிலேயே இருந்து தம்பியைப் பார்த்துக்கொள்ளட்டும், படித்த வரைக்கும் போதும் என்று ஏசுராஜ் முடிவாகச் சொல்லிவிட்டார். ஆறாம் வகுப்பில் நின்ற பெண்பிள்ளை மறுபடி பள்ளிக்கூடம் போய் நான் பார்த்ததில்லை.

கார்த்திகை முதல் வாரத்தில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். குழுத் தலைவி சிவசக்தி. அவள் மகன் ஸ்டெஃபியின் வகுப்பு. கெட்டவள் இல்லை, தன் பிள்ளைக்காகப் பயந்தவள். ஸ்டெஃபிக்கு எந்த நோயும் இல்லை என்று தலைமையாசிரியர் சொன்னார். நானும் சொன்னேன். சிவசக்தி நம்பவில்லை.

"அப்ப யாருக்குங்க சார்? ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லாமயா சட்டையக் கழட்டச் சொல்லிப் பாத்துட்டுப் போனாங்க? எங்களுக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

எனக்கும் தலைமையாசிரியருக்கும் பதில் தெரியும். இரண்டு பேரும் சொல்லக்கூடாது. கமலா டீத் தட்டோடு பின்னால் நின்றிருந்தாள். பாதிப் பேர் டம்ளரை எடுத்துவிட்டார்கள். மீதியை மேசைமேல் வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"சிவசக்தி, அந்தப் புள்ளைக்கு ஒண்ணுமில்ல கண்ணு. வியாதி எனக்குத்தான். ரெண்டு மாசத்துக்கு மேல மாத்திர திங்கறேன்."

 ஒருத்தி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் வைத்தார்கள்.

"இந்தக் கையிலதான் எம்பையனுக்குச் சோறு போட்டீங்களா?" என்றாள் சிவசக்தி.

"இந்தக் கையிலதான். வேற கை இல்லியே."

மருந்து சாப்பிடுகிறவரிடமிருந்து தொற்றாது, சோற்றால் தொற்றவே தொற்றாது என்று நான் விளக்கினேன். இந்த நோயைக் காரணம் காட்டி யாரையும் வேலையிலிருந்து எடுக்க முடியாது என்று தலைமையாசிரியர் சொன்னார். கேட்டுக்கொண்டார்கள். ஆனாலும் சிலர் இனிமேல் டப்பாவில் சோறு கொடுத்தனுப்பப் போவதாகச் சொன்னார்கள். அதை யாரும் தடுக்க முடியாது.

போகும்போது சிவசக்தி வாசலில் நின்றாள்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா அந்தப் புள்ளைய நாங்க ஒரு வார்த்த பேசியிருக்க மாட்டோமுங்க அக்கா."

"சொல்லியிருந்தா என்னயப் பேசியிருப்பீங்க. அதுக்குத்தான் பயந்துட்டு இருந்தேன்" என்றாள் கமலா.

எல்லோரும் போனபின் குடிக்காமல் வைத்த டீயை அவளே வெளியே கொட்டினாள். நாளைக் காலையில் ஏசுராஜ் வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். கூட வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். அங்கே நடந்ததை ஏசுராஜின் மனைவி அற்புதம் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

பனி கலையாத நேரத்திலேயே கமலா லைனுக்குப் போய்விட்டாள். வீட்டுக்குள் வரவில்லை. முற்றத்தில் நின்றபடியே, கூட்டத்தில் சொன்னதைச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாளாம். ஏசுராஜ் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கூடையை எடுத்துக்கொண்டு காப்பிக் காட்டு வேலைக்குப் போய்விட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று அற்புதத்துக்கு முதலில் தெரியவில்லை. பிறகு ஸ்டெஃபியின் இடுப்பிலிருந்த சின்னவனை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். கொடியில் கிடந்த யூனிஃபார்ம் பனியில் நனைந்திருந்தது. அதை எடுத்து அடுப்பின் அனலில் காட்டினாள். அது காய்கிறவரைக்கும் கமலா நிற்கவில்லை. சமையலுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கு நடந்தாள்.