பாய்லர்காரர் நன்றி சொல்லத் தொடங்கிய குளிர்காலம்

பாய்லர்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார், பிறகு "நன்றி" என்றார்.

செக்கிங்கம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. யாராவது வந்திருக்கிறார்களா என்று வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. சமையலறையில் இருந்தது அவள், அவர், அடுப்பு. அடுப்புக்கு நன்றி சொல்கிற அளவுக்கு மனிதருக்கு இன்னும் எதுவும் ஆகிவிடவில்லை என்றால், சொன்னது அவளுக்குத்தான்.

"என்ன சொன்னீங்க?"

"நன்றின்னு சொன்னேன்."

"எதுக்கு?"

"டீக்கு."

"நேத்து வரைக்கும் குடிச்சது என்ன, வெந்நீரா?"

மப்ளரைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு, "வாக்கிங் போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார். கதவைச் சாத்துகிற இடைவெளியில் உள்ளே புகுந்த பனிக்காற்று அவள் முகத்தில் அறைந்தது.

தையல் ஆலை ஒன்றின் வாசலில் நின்று, வேலை முடிந்து வெளியே போகும் பெண்களின் பைகளைச் சோதிப்பதுதான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவள் பார்த்த வேலை. செக்கிங்கம்மா என்ற பெயர் அங்கே ஒட்டியது. ஓய்வு பெற்ற பிறகும் உதிரவில்லை. கொண்டைக்குள் நூல்கண்டு, சாப்பாட்டு டப்பாவின் அடித்தட்டில் பட்டன்கள், இடுப்பில் இரண்டு சுற்றாகச் சுற்றிய லேஸ் என்று அவள் பார்க்காத மறைவிடம் கிடையாது. கையைவிட அவளுக்குக் காதுதான் அதிகம் உதவியது. வெறும் பையோடு போகிறவள் செக்கிங்கம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டாள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் அவளுக்கு. எவள் நின்று நிதானமாக "சாப்பிட்டீங்களா அக்கா? உங்களுக்கு இந்தச் சேலை நல்லா இருக்கு" என்கிறாளோ, அவளைத்தான் தனியாகக் கூப்பிட வேண்டும். இந்தக் கணக்கு ஒருநாளும் அவளுக்குப் பொய்த்ததில்லை.

கணவர் அதே ஆலையில் பாய்லர் பார்த்தவர். வெளியே ஊரே போர்த்திக்கொண்டு நடுங்கும் மாதத்திலும் கைவைத்த பனியனோடு நின்று வியர்வையைத் துடைத்துக்கொள்வார். குளிர் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே ஓய்வு பெற்ற பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வாய் அதிகம் திறக்காத மனிதர். கல்யாணம் ஆன நாளிலிருந்து, சாப்பாடு நன்றாக இருந்தால் இன்னொரு முறை தட்டை நீட்டுவார். சரியில்லை என்றால் தண்ணீர் குடிப்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு. அந்த ஆள் வாயிலிருந்து நன்றி!

அது ஒரு நாளோடு நிற்கவும் இல்லை. மறுநாள் போர்வைக்கு. அதற்கடுத்த நாள், அவர் கம்பளிச் சட்டையின் கிழிந்த முழங்கையைத் தைத்ததற்கு. குளித்துவிட்டு வருவதற்குள் அவருடைய காலுறையை அடுப்புப் பக்கம் வைத்துச் சூடாக்கியிருந்ததைக் கண்டுபிடித்து, அதற்கு ஒன்று. அந்தக் காலுறை வேலையை அவள் பல வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறாள். இத்தனை நாள் அது தானாகச் சூடாகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

வெளியூரில் இருக்கும் மகளுக்கு போன் போட்டாள்.

"உங்கப்பா நன்றி சொல்றாருடி."

"யாருக்கு?"

"எனக்கு."

மகள், "அப்பாவாம்மா? நம்ம அப்பாவா?" என்றாள்.

"அதைத்தானே நானும் கேக்குறேன்."

"சரி, நல்லதுதானே. வயசான காலத்துல மனசு இளகியிருக்கும். சந்தோஷமா வாங்கிக்கயேன்."

"அவர் மனசு இளகுறதுக்கு அது என்ன வெல்லமா? ஏதோ இருக்குடி. எதையோ மறைக்கிறார்."

"உனக்கு இன்னும் கேட்டுல நிக்கிற நினைப்பு" என்று சிரித்துக்கொண்டே மகள் போனை வைத்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆலை கேன்டீன்காரர் ஞாபகம் வந்தது. யாருக்கும் முகம் கொடுத்துப் பேசாத அந்த மனிதர், ஒரு குளிர்காலத்தில் திடீரென்று மேசை மேசையாக வந்து எல்லோரிடமும் இனிக்க இனிக்கப் பேசினார். வயிற்றில் கட்டி என்று மருத்துவர் சொன்னதை வீட்டில்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார் என்பது அவரை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் தெரிந்தது.

இவருக்கும் அப்படி ஏதாவது இருந்தால்? தன்னிடம் சொல்லாமல், தன்னிடம் கணக்குத் தீர்த்துக்கொண்டிருக்கிறாரா?

அன்றிலிருந்து வேலைக்குத் திரும்பியவளைப் போல ஆகிவிட்டாள். அவர் வாக்கிங் முடிந்து வந்ததும் முதலில் செருப்பலமாரியைப் பார்த்தாள். பூங்காவில் புல்லெல்லாம் பனியில் ஊறிக் கிடக்கிற காலம். நடந்து வந்தவரின் ஷூ நனைந்திருக்க வேண்டும். காய்ந்த விறகுபோல இருந்தது. கோட்டை முகர்ந்தாள். ஸ்பிரிட் வாசனை. ஊசி போடுமுன் தேய்ப்பார்களே, அதே வாசனை. அவர் குளிக்கப் போன நேரத்தில் பாக்கெட்டைத் துழாவினாள். பழைய பழக்கம், விரல்கள் தாமாகவே தையல் ஓரம்வரை போயின. ஒரு பஞ்சு உருண்டை கிடைத்தது. பிரித்துப் பார்த்தால் நடுவில் காய்ந்து கருத்த செம்பழுப்புக் கறை.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். குளியலறைக்குள் அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தெரியாதவர்கள் கேட்டால் உலகத்திலேயே நிம்மதியான மனிதர் என்பார்கள். எவ்வளவு நடிப்பு!

மறுநாள் அவர் கிளம்பிய கையோடு, தலையோடு சால்வையைப் போர்த்திக்கொண்டு அவளும் கிளம்பினாள். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. அவளுக்கு அது வசதி, அவருடைய இருமல் மட்டும் வழிகாட்டிக்கொண்டு போனது. பூங்கா வந்தது. அவர் உள்ளே திரும்பக்கூட இல்லை. நேரே ஆஸ்பத்திரி இருக்கிற சாலையில் நடந்தார். ஆஸ்பத்திரி வாசலில் அவர் நின்றபோது இவளும் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் மூக்கைச் சிந்தினார். கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டார். பிறகு ஆஸ்பத்திரியைத் தாண்டிப் பக்கத்துச் சந்துக்குள் போய்விட்டார்.

சந்தின் கோடியில் குடை பழுதுபார்க்கும் கடை. மழை முடிந்துவிட்டால் அந்தக் கடைக்கு ஆள் வராது. ஷட்டர் பாதிக்கு இறங்கிக் கிடந்தது. அவர் பக்கவாட்டுக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு உள்ளே போனார், சொந்த வீட்டுக்குள் போகிற மாதிரி.

சன்னலுக்குக் கீழே குடைக் கம்பிகள் குவிந்து கிடந்தன. அவற்றில் இடித்துக்கொள்ளாமல் சுவரோரம் ஒண்டிக்கொண்டு காதைக் கொடுத்தாள்.

"எல்லாரும் டீ எடுத்தாச்சா? சரி, தபால்காரரே, நீங்க ஆரம்பிங்க." பெண் குரல். அதிகாரமான குரல். வார்டு முழுக்கக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அது என்பது அவளுக்குப் பிறகு தெரிந்தது. அந்த அம்மாள் ஓய்வு பெற்ற நர்ஸ், அங்கே எல்லோருக்கும் வார்டம்மா.

தபால்காரர், பேப்பர் போடும் பையன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து பேப்பரைத் தன் கையில் கொடுத்ததைச் சொன்னார்.

"அவன்கிட்ட நேர்ல நன்றி சொன்னீங்களா?"

"சொன்னேன். பயந்துட்டான்."

சிரிப்புச் சத்தம். "செல்லும். அடுத்தது பாய்லர். முழங்கை தைச்சது, அதுக்கு முந்தி போர்வை, எல்லாம் ஆயிடுச்சு. புதுசாச் சொல்லணும். இல்லன்னா டம்ளர் கழுவுறது நீங்கதான். குழாயில தண்ணி எப்படி இருக்குன்னு தெரியும்ல?"

சன்னலுக்கு வெளியே செக்கிங்கம்மா உறைந்து நின்றாள். போர்வை. முழங்கை. அப்படியென்றால் காலுறையும் வந்திருக்கும். தன் வீட்டுக்குள் நடந்ததெல்லாம் தினம் ஒன்றாக, தன் கண் முன்னாலேயே, வாசல் தாண்டி வெளியே போயிருக்கிறது. பாக்கெட்டைத் துழாவினால் இது எப்படி அகப்படும்?

உள்ளே அவர் தொண்டையைச் செருமினார். "நேத்து ராத்திரி என் முட்டிக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்ச்சு விட்டா. வலிக்குதுன்னு நான் வாயே திறக்கல. அவளாத் தெரிஞ்சுக்கிட்டா."

"அடடா. நன்றி சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'அதுக்கென்னங்க, இருக்கட்டும்'னு சொன்னா."

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. கம்பிகள் கலகலவென்று சரிய, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"நான் எப்பய்யா உங்களுக்கு எண்ணெய் தேய்ச்சேன்? 'இருக்கட்டும்'னு என் வாயில என்னைக்காவது வந்திருக்கா?"

மண்ணெண்ணெய் ஸ்டவ்வைச் சுற்றி உட்கார்ந்திருந்த நால்வரும் நிமிர்ந்தார்கள். வார்டம்மாவின் மடியில் பாதிப் பின்னலில் ஊதா நிற ஸ்வெட்டர். தபால்காரர் கையில் குறுக்கெழுத்து. குடைக்காரர் தனக்குத்தானே செஸ் ஆடிக்கொண்டிருந்தார். பாய்லர்காரரின் கையில், மூன்று கால் உள்ள ஒரு மரக்குதிரை. நான்காவது கால் பசை தடவி, நூல் கட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெட்டி நிறையத் தலையில்லாத பொம்மைகள், சக்கரமில்லாத லாரிகள்; ஒரு ஸ்பிரிட் பாட்டில்; செம்பழுப்புப் பெயின்ட் டப்பா; பஞ்சு.

அவள் பஞ்சையே பார்த்தாள்.

"உங்க உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்லையே."

"டாக்டர்கிட்ட போகல?"

"எதுக்குப் போறேன்? குளிருது. அதுக்கு டாக்டர் என்ன செய்வார்?"

அவள் அருகிலிருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். வார்டம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். அது அவருடைய பழைய பழக்கம். "உங்களுக்குத்தான் படபடன்னு இருக்கு" என்றார். பிறகு பாய்லர்காரர் பக்கம் திரும்பினார். "பொய் சொன்னீங்க. எழுந்திருங்க."

கொல்லைப்புறக் குழாயடியில் அவர் டம்ளர் கழுவினார். கொதிக்கிற வால்வுகளைத் திருகிக் காய்த்துப்போன அந்தப் பெரிய விரல்கள் தண்ணீர் பட்டதும் சிவந்து துள்ளின. செக்கிங்கம்மா கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"அடியில கறை இருக்கு. நல்லாத் தேய்ங்க."

திரும்பி நடக்கும்போது பனி விலகவே இல்லை. ஆஸ்பத்திரி வாசல் தாண்டிய பிறகுதான் அவள் கேட்டாள்.

"எதுக்கு இந்த ஒளிவு மறைவு?"

"குழந்தைங்க பொம்மையை ஒட்டுறேன்னு சொன்னா நீ சிரிப்பே."

"சிரிப்பேன்தான். அதை விடுங்க. அப்ப இத்தனை நாள் சொன்ன நன்றியெல்லாம் டம்ளர் கழுவாம இருக்கிறதுக்கா?"

அவர் யோசித்தார். "முதல்ல அப்படித்தான்."

"அப்புறம்?"

"அப்புறமும் அப்படித்தான். ஆனா தினம் ஒண்ணு தேடணும்ல? தேடினா நிறைய இருந்துச்சு."

"நிறைய இருந்தா பொய் எதுக்கு?"

"அது பொய்யில்ல" என்றார் மெதுவாக. "நீ தேய்ச்சு விட்டா நல்லாயிருக்கும்னு தோணுச்சு."

அவள் சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். இதையும் நம்பலாமா கூடாதா என்று வீடு வரை அவளுக்குத் தீர்மானம் ஆகவில்லை.

மறுநாள் காலை அவள் எழுந்து வருவதற்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பாய்லர்காரர் டீ போட்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவை. டம்ளரை அவளிடம் நீட்டிவிட்டு எதிரே நின்றார்.

"எதுக்கு இது?"

"குடி. நீயும் இன்னைக்கு வர்றதா வார்டம்மாகிட்ட சொல்லிட்டேன். வெறுங்கையோட போனா கழுவ விட்டுடும் அந்த அம்மா."

அவள் ஒரு வாய் குடித்தாள். அவர் காத்திருந்தார். அந்த ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. அங்கேயே டீயோடு இறங்கிவிட்டது. "சர்க்கரை அதிகம்" என்றாள்.

குடைக்கடையில் அவளுக்கென்று ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தார்கள். முறை அவளிடம் வந்தது. காலையில் போட்ட டீயைப் பற்றித்தான் சொல்வாள் என்று பாய்லர்காரர் எதிர்பார்த்திருந்தார். அவள் ஸ்டவ்வின் நீலத் தீயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த ஆளுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லன்னு நேத்துத் தெரிஞ்சுது. அதான். வேற எதுவும் இல்ல."

தபால்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். வார்டம்மா ஊசிகளை நிறுத்தவில்லை.

"நல்ல விஷயம்தான். ஆனா எங்க விதி தெரியும்ல? யாருக்கு நன்றியோ, அந்த ஆள்கிட்ட நேர்ல சொல்லியிருக்கணும். யாருக்குச் சொன்னீங்க?"

"யாருக்குன்னு இன்னும் விசாரிக்கல."

"அப்ப செல்லாது."

"எனக்குத்தான் சொன்னா" என்றார் பாய்லர்காரர். குதிரையின் காலிலிருந்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "காலையில. டீ குடிச்சிட்டு."

"என்ன சொன்னாங்க?"

"நல்லாத்தான் சொன்னா."

வார்டம்மா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் தீயிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. முகத்தில் ஒரு சதைகூட அசையவில்லை. பாய்லர்காரர் குதிரையைத் தரையில் வைத்து விரலால் தட்டினார். அது நான்கு காலிலும் நின்றது, கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்தபடி.

"பார்த்தா அப்படித் தெரியல" என்றார் வார்டம்மா. "சரி, செல்லும்."

அன்றைக்கு டம்ளர் கழுவியது, மறுபடியும் பேப்பர் பையனையே சொன்ன தபால்காரர்.