படுத்துப் பார்க்கிற நெவில்

முதலில் பூட்ஸைக் கழற்றுவார். கழற்றியதைக் கட்டிலுக்கு அடியில் ஜோடியாக, நுனி சுவரைப் பார்க்க வைப்பார். தள்ளுவண்டியிலிருந்து வெளுத்த விரிப்பு ஒன்றை எடுத்து உதறிப் போடுவார். பிறகு அந்த ஆறடி இரண்டங்குல உடம்பை அதன்மேல் நீட்டி, தலையணையை இரண்டு தட்டுத் தட்டி, நோயாளி மாதிரியே ஒரு பெருமூச்சு விட்டு, எதிரே இருக்கும் டிவியைப் பார்க்கத் தொடங்குவார். வார்டே வேலையில் பறந்துகொண்டிருக்கும். நெவில் டிண்டேல் படுத்திருப்பார்.

டவுன்ஸ்வில்லில் எங்கள் ஆஸ்பத்திரியின் நானூற்றுப் பன்னிரண்டு கட்டில்களுக்கும், கடற்கரையோரத்து இரண்டு ஓட்டல்களுக்கும் அவர்தான் டிவி மெக்கானிக். எல்லாருக்கும் நெவ். நான் இங்கே பத்தொன்பது வருஷமாக வார்டு கிளார்க். யார் வந்தார், யார் போனார், எந்தக் கட்டில் காலி என்பதெல்லாம் என் மேஜையில்தான் இருக்கும். அதனால் நெவ் முதலில் என்னிடம்தான் வருவார்.

"ஏம்மா, ஒம்பதாம் கட்டிலுக்கு வரப்போற ஆளு என்ன உசரம்?"

"எதுக்கு? பொண்ணு குடுக்கப் போறீங்களா?"

"குள்ளமா இருந்தா நான் கொஞ்சம் கீழ எறங்கிப் படுக்கணும், அதுக்குத்தான்."

நானும் சிரித்தவள்தான். ஒளிப்பானேன்? சோம்பேறித்தனத்துக்கு இப்படியும் ஒரு சாக்கா என்று நினைத்திருக்கிறேன். தலைமை நர்ஸ் டெனிஸுக்கு வாய் இன்னும் நீளம். "தூங்குறதுக்குச் சம்பளம் வாங்குற புண்ணியவானே, காப்பி கொண்டு வரட்டுமா, இல்ல தாலாட்டுப் பாடட்டுமா?" என்பாள். ஒரு கட்டிலில் படுத்த விரிப்போடு இன்னொன்றில் படுத்தால் தொற்று பரவும் என்று சண்டை பிடித்தவளும் அவள்தான். அன்றிலிருந்து கட்டிலுக்கு ஒரு விரிப்பு. இப்போது அவர் வண்டியில் கருவிப் பெட்டியைவிட விரிப்பு மூட்டைதான் பெரிது.

ஓட்டலிலும் இதே கூத்துதான். ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு புதுமணத் தம்பதி உள்ளே வந்துவிட்டார்கள். கட்டிலில் இவர். பதறி எழுந்திருக்க வேண்டாமா மனுஷன்? "கல்யாண வாழ்த்துகள்! ஜன்னல் வெளிச்சம் டிவியில அடிக்குது. அஞ்சு நிமிஷம் கடலைப் பாத்துட்டு வாங்க" என்றாராம். அவர்களும் போனார்களாம்.

ஏன் இப்படி என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில். "நின்னுக்கிட்டு டிவி பாக்குறவன் கடைக்காரன். படுத்துக்கிட்டுப் பாக்குறவன்தான் நோயாளி. நான் யாருக்கு வேலை செய்யறேன்?"

போன வருஷம் பழைய டிவிகளை இறக்கிவிட்டு, ஒவ்வொரு கட்டிலுக்கும் மடங்குகிற இரும்புக் கை ஒன்றில் தொடுதிரை மாட்டினார்கள். படம், சாப்பாட்டுப் பட்டியல், நர்ஸைக் கூப்பிடுவது எல்லாம் அதிலேயே. பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்க்காமல் இருக்க மேலே ஒரு படலம் ஒட்டியிருக்கும். நேராகப் பார்ப்பவருக்குத்தான் படம் தெரியும். பக்கவாட்டில் நிற்பவருக்கு வெறும் கறுப்பு. எந்தத் திரை எப்படி இருக்கிறது என்பது சிட்னியில் ஓர் அறையில் தெரிந்துவிடுமாம். சரியாக இருந்தால் பச்சைப் புள்ளி, கெட்டுப்போனால் சிவப்பு. சிவப்பு வந்தால் மட்டும் போங்கள், கட்டில் கட்டிலாகச் சுற்ற வேண்டாம் என்று நெவ்வுக்குக் கடிதம் வந்தது. அவர் அதை நான்காக மடித்து, என் மேஜையின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஆகஸ்டில், கரும்பு வெட்டு மும்முரமாக நடக்கும்போது, இங்ஹாம் பக்கத்திலிருந்து என்னியோ பவெட்டோ வந்து சேர்ந்தார். கரும்பு விவசாயி, வயது அறுபத்தேழு, பக்கவாதம். பேச்சில்லை, அசைவில்லை, கண்ணைத் திறப்பதும் இல்லை. பெரிய டாக்டரம்மா இமையை விலக்கி டார்ச் அடித்தால், மறுகணமே இமை இறுக மூடிக்கொள்ளும். மனைவி ரோசால்பா தினமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் காரோட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். "வலது கட்டைவிரல் அசையுது டாக்டர், நான் பாத்தேன்" என்பார் ஒவ்வொரு நாளும். அது தானாகத் துடிப்பதுதான் என்று ஒவ்வொரு நாளும் பதில் வரும்.

பதினோரு நாள் ஆயிற்று. மறுநாள் வியாழக்கிழமை இரண்டு மணிக்கு டாக்டர்கள் கூடி முடிவு எடுப்பார்கள். உள்ளே நினைவு இருக்கிறது என்று தெரிந்தால் பிரிஸ்பேனில் மறுபயிற்சிக்கு இடம் கிடைக்கும். இல்லையென்றால் பராமரிப்பு இல்லம். அங்கே போய்விட்டால் பிறகு யாரும் அவர் கட்டைவிரலைப் பார்க்கப் போவதில்லை.

புதன்கிழமை காலை அவரை ஸ்ட்ரெச்சரில் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போன நேரத்தில் நெவ் விரிப்போடு வந்தார்.

"அதை விடுப்பா" என்றாள் டெனிஸ். "அவர் டிவி பாக்கிறதில்ல."

"பாக்கலேன்னு யாரு சொன்னா? கண்ண மூடியிருக்காருன்னுதானே சொன்னீங்க."

பூட்ஸைக் கழற்றினார், படுத்தார். திரையும் அதன் கையும் என்னியோவுக்கு இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று எதையும் தொடவில்லை. வழக்கமாக நாலு நிமிஷத்தில் எழுந்துவிடுகிறவர், கால் மணி நேரமாகியும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். ஆகா, கடைசியில் மாட்டிக்கொண்டார் என்று எனக்கு ஒரே குஷி.

"தூங்கிட்டீங்களா நெவ்?"

"தூங்கலம்மா. தெறக்க முடியல." அவர் குரல் என்னவோ போலிருந்தது. "வா, நீயே படுத்துப் பாரு."

படுத்தேன். முகத்திலிருந்து ஒரு முழத் தூரத்தில் கறுப்புத் திரை. ஒன்றுமில்லையே என்று வாயைத் திறப்பதற்குள், பளீரென்று முழு வெள்ளை. "வணக்கம்! தொடங்கத் திரையைத் தொடுங்கள்!" கண் கூசிப்போய் மூடிக்கொண்டேன். அது அணைந்தது. கண்ணைத் திறந்தேன். மறுபடி பளீர். யாராவது தொடுகிறவரை அது அணைந்து அணைந்து எழுந்து வரவேற்றுக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நின்ற எங்களுக்கெல்லாம் படலத்தால் கறுப்பு. சிட்னியில் பச்சை. தொடக் கையைத் தூக்க முடியாத மனுஷருக்கு மட்டும் பதினோரு நாளாக, ராப்பகலாக, முகத்துக்கு நேரே மின்னல். அதற்கு மேலே நாங்கள் டார்ச் வேறு அடித்திருக்கிறோம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. அந்த அறைக்குள் ஒரு நாளைக்கு இருபது பேர் போய் வந்தோம். எல்லாரும் நின்றுகொண்டுதான் பார்த்தோம். தெய்வமே, இந்த மனுஷனையா சோம்பேறி என்று சிரித்தேன்!

டெனிஸும் படுத்துப் பார்த்தாள். எழுந்து, தன் கையாலேயே ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

நெவ் அந்த வரவேற்புப் பக்கத்தை நீக்கினார், வெளிச்சத்தைக் குறைத்தார், திரையைக் கால்மாட்டுக்குத் தள்ளினார். வண்டியைக் கிளறி, நீளமான ஒயரில் ஒரே ஒரு மெத்தென்ற பொத்தான் இருந்த சாதனத்தை எடுத்து மாட்டினார். தட்டினால் சேனல் மாறும், அழுத்திப் பிடித்தால் சத்தம் ஏறும், விட்டால் நிற்கும். ஸ்கேனிலிருந்து என்னியோ திரும்பியதும், அதை அவர் வலது கட்டைவிரலுக்கு அடியில் வைத்தார்.

"வீட்டுல என்னம்மா பாப்பாரு?" என்று ரோசால்பாவைக் கேட்டார்.

"மழை வருதான்னு பாப்பாரு. வேற என்னத்தப் பாக்குறாரு? வெட்டு நடக்கும்போது என் மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டாரு." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

நெவ் வானிலைச் சேனலை வைத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு என்னியோ பவெட்டோ கண்ணைத் திறந்தார்.

மறுநாள் இரண்டு மணி. கண் திறந்திருப்பது மட்டும் போதாது, புரிகிறதா என்று தெரிய வேண்டும் என்றார் டாக்டரம்மா. காகிதங்களோடு நானும் ஓரமாக நின்றேன். என்னியோவின் முகத்தைப் பார்ப்பதற்காக அவர் திரையை ஒதுக்கிவிட்டார்; டாக்டர்கள் நால்வருமாகப் பேசத் தொடங்கினார்கள். திரைக்குள் ஒரு பெண், என்னியோவின் கரும்பு நிற்கும் ஹெர்பர்ட் ஆற்றுப் பக்கம் மழை வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரல் ஏறியது. இன்னும் ஏறியது. பிறகு அலறினாள்.

"யாராவது அந்தச் சத்தத்தக் குறைங்கப்பா!" என்றார் ஒரு டாக்டர்.

தலைமாட்டில் நின்ற டாக்டரம்மா எரிச்சலோடு திரையைத் தன் பக்கம் திருப்பினார். அது என்னியோவுக்கும் தெரிந்தது. ஏறிய சத்தம் அங்கேயே நின்றது. டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கி, திரையை மெதுவாக மறுபடி தள்ளினார். சத்தம் ஏறியது. திருப்பினார். நின்றது. மூன்றாம் முறை எல்லாரும் கட்டைவிரலைப் பார்த்தோம். பொத்தான்மேல் நகம் வெளுக்க அழுந்தியிருந்தது.

"மழை பாக்க விடுங்களேன் அவர!" என்று ரோசால்பா கத்தினார், சிரிப்பும் அழுகையுமாக. டாக்டரம்மா குனிந்து, "மன்னிச்சிருங்க மிஸ்டர் பவெட்டோ" என்று சொல்லி, திரையை அவருக்கு நேரே வைத்தார்.

திங்கட்கிழமை பிரிஸ்பேனுக்குக் கிளம்பினார். சக்கர நாற்காலியில் ஏற்றி, ஆம்புலன்ஸுக்காகக் கட்டில் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். ஒயரோடு பொத்தான் இன்னும் அவர் மடியில், கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. நெவ் வந்தார். அடுத்து வருகிறவர் என்ன உயரம் என்று என்னிடம் கேட்டார். பூட்ஸைக் கழற்றினார், விரிப்பை உதறினார், தலையணையை இரண்டு தட்டுத் தட்டிப் படுத்தார். திரை இப்போது அவருக்கு நேரே; பக்கத்தில் இருந்த என்னியோவுக்கு வெறும் கறுப்பு.

என்னியோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் அழுந்தியது. வானிலைக்காரி பேசினாள், உரக்கப் பேசினாள், கத்தினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டெனிஸ் கத்திக்கொண்டே ஓடி வந்தாள், எதிர் அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நெவ்வின் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் திரை. அவர் இரண்டு கைகளையும் தலைக்கு அடியில் கோத்துக்கொண்டு, ஹெர்பர்ட் ஆற்றுப் பக்கத்து மழையைக் கேட்டபடி படுத்தேயிருந்தார்.