ஒலிபெருக்கியில் என் மகளின் பெயர்

மாலை ஐந்தரைக்கு வந்த அமராவதி அணை பஸ்ஸில் என் மகள் இல்லை. கல்லூரி முடித்திருந்த அந்தக் கோடையில் அவளுக்கு எல்லாமே வாடகை நூலகத்து நாவல்களும், கேசட்டில் பார்த்த சினிமாவும், அணைக்கரைப் பறவைகளைப் படமெடுப்பதும்தான்.

உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தில் நேரம் அறிவிப்பவரிடம் ஓடினேன். காதோரம் நரைத்த ஒல்லியான மனிதர். பேசுமுன் மைக்கை இரண்டு முறை ஊதிக்கொள்வார்.

"பயப்படாதீங்கம்மா, நானும் பொண்ணப் பெத்தவந்தானுங்க" என்று தன் டீயை என்னிடம் கொடுத்துவிட்டு அடையாளம் கேட்டார். பதற்றத்தில் அவள் பெயர், அப்பா பெயர், எங்கள் ஊர் எல்லாம் சொன்னேன். அவர் அத்தனையையும் ஒலிபெருக்கியில் சொன்னார். "காலைல கேமராவோட போன பொண்ணு, இன்னும் ஊடு வந்து சேரலீங்க."

"எவங்கூடப் படம் புடிக்குதோ!" என்றது ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

"போதுங்க, நிறுத்துங்க" என்றேன்.

"இருங்கம்மா, நாலு பேருக்குக் கேக்கட்டும்" என்று மறுபடி மைக்கை ஊதினார்.

அந்த நல்ல மனிதரைத் திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

வழியில் டயர் பஞ்சராகி நின்றிருந்த இன்னொரு அணை பஸ் ஒருவழியாக வந்தது. தன் பெயரைக் கேட்டுக்கொண்டே என் மகள் இறங்கினாள். எல்லோரும் பார்க்க நடந்து வந்து கேமராவை என் கையில் வைத்தாள்.

"இத வித்துப்போடுங்கம்மா."