பாதி மாத்திரையும் என் இதய வால்வும்

எங்கள் கடலோர ஊரான தாழ்வுபாட்டில் மீள்குடியேறிய வருடம், கருவாடு காயப்போடும் இடத்துக்கு மீன் கூடை தூக்கிப் போகையில் எனக்கு மூச்சு வாங்கியது. முன்னால் போன தங்கச்சி ஜெனி பாடிக்கொண்டே நடந்தாள். அவள் தலையிலும் அதே அளவு கூடைதான். எரிச்சலாக வந்தது.

எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்த டொக்டர், வால்வு (இரத்தத்தை ஒரே பக்கம் விடும் கதவு) சுருங்கிவிட்டது என்றார்.

"சின்ன வயசில தொண்டை நோவோட காய்ச்சல் வந்ததோ?"

"ஓம் டொக்டர். தமிழ்நாட்டு அகதி முகாமில எங்கள் ரெண்டு பேருக்கும் ஒண்டா வந்தது. பிறகு மூட்டு வீங்கினது எனக்கு மட்டும்தான்."

அந்தத் தொண்டை நோவைத் தரும் கிருமியின் சில புரதங்களும் நம் இதயத் தசையின் புரதங்களும் ஒரே சாயலாம். கிருமியை அடிக்கப் பழகிய எதிர்ப்புச் சக்தி, சாயலைக் கண்டு இதயத்தையும் அடித்துவிடுகிறது. போரில் சாயலை வைத்து ஆட்களைப் பிடித்துப்போன காலத்தைக் கண்டவள் நான். இரண்டாம் முறை விளக்கத் தேவைப்படவில்லை.

"பத்து நாள் மருந்தும் முழுசா எடுத்தனீங்களோ?"

முகாமில் அரிசியும் சவர்க்காரமும் எங்களுக்குள் பாதி பாதி. ஜெனிக்கு மட்டும் கிடைத்த பத்து நாள் மாத்திரையையும் அம்மா அப்படியே பிரித்தார். ஆளுக்கு ஐந்து நாள். காய்ச்சல் விட்டதும் எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

"இவளையும் ஒருக்கால் பாருங்கோ," என்றேன், கூட வந்த தங்கச்சியைக் காட்டி. அக்கறையில் சொல்கிறேன் என்று நினைத்து ஜெனி என் கையைப் பிடித்தாள். டொக்டர் பார்த்துவிட்டு, "இவவுக்கு ஒண்டுமில்லை," என்றார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

"அப்ப ஏன் எனக்கு மட்டும்?"

"எல்லாருக்கும் வாறதில்லை. ஏனெண்டு எங்களுக்கும் முழுசாத் தெரியாது."

வால்வைப் பலூனால் (இரத்தக் குழாய் வழியே செலுத்தி ஊதுவது) விரித்தார்கள். பிறகு அந்தக் காய்ச்சல் திரும்ப வராமலிருக்க மூன்று வாரத்துக்கொரு பெனிசிலின் ஊசி. இதே ஊசி போடுகிறவர்கள் தவறவிடாதீர்கள். ஜெனியின் கலியாணத்தில் ஊசி போட்ட நோவோடு நொண்டி நடக்க மனமில்லாமல் நான் ஒருமுறை தவறவிட்டேன். அன்று மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் அவளைப்போல நிமிர்ந்து நின்றேன். அடுத்த மாதமே காய்ச்சலோடு வார்டில் கிடந்தேன்.

அண்மையில் ஜெனியின் மகளுக்குத் தொண்டை நொந்தது.

"மல்லி அவிச்சுக் குடுத்தாச் சரி அக்கா."

"இல்லை, வெளிக்கிடு. ஆசுபத்திரிக்குப் போவம்."

பத்து நாளும் மாத்திரையை நானே கொடுத்தேன். கடைசி நாள் மடியில் தூங்கிய பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தேன். சுத்தமான துடிப்பு. எனக்கு மாதம் என்பது இப்போது மூன்று வாரம்தான்; மறுநாள் என் ஊசி நாள். இவளுக்கு அப்படியொரு நாள் இல்லை. அந்தச் சின்ன நெஞ்சின் மேலும் பொறாமை வந்தது. வந்தும், காதை எடுக்கவில்லை.