உடைக்காத பூட்டு

நல்லகண்ணு மேஸ்திரிக்குக் கடைசிவரை ஒரு பழக்கம் இருந்தது. சாத்திய கதவைக் கண்டால் இரண்டடி தள்ளி நின்றுகொள்வார். சொந்த வீடானாலும் சரி, மனைவி பிச்சம்மாள் வந்து திறந்த பிறகுதான் உள்ளே போவார். பிறவியிலேயே அப்படி என்றுதான் சங்கரன்கோவிலில் பலரும் நினைத்தார்கள்.

அப்படி இல்லை. யுத்தம் முடிந்த வருஷம் பரமசிவன் முதலாளி ஜின்னிங் பாக்டரி தொடங்கியபோது, கோவில்பட்டியில் வேலை பார்த்த இவரைத் தேடிப்போய்க் கூட்டிவந்தார். பருத்தியில் கொட்டை நீக்கும் மெஷின்களின் இரைச்சலை வைத்தே எதில் கல் சிக்கியிருக்கிறது என்று நல்லகண்ணு சொல்லிவிடுவார். வேலைக்கு நாற்பது பெண்கள். யார் பிள்ளைக்குக் காய்ச்சல், யாருக்கு வீட்டில் அடி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதை வைத்து ஆளை இடம் மாற்றிப் போடுவார். வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி சொல்வார்: "பாக்டரி என் பேருல இருக்கு, அம்புட்டுத்தான். நடத்துதது பூராவும் நம்ம மேஸ்திரி."

கிட்டங்கிச் சாவி மட்டும் முதலாளியின் இடுப்பில் இருந்தது. பஞ்சுப் பொதிகளை அடுக்கும் அந்தக் கிட்டங்கி அவருக்குப் பூஜையறை மாதிரி. வெள்ளிக்கிழமைதோறும் பூட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார். குடும்பத்துக்கு வெளியே ஒரு கை அதைத் தொட்டால் லட்சுமி இறங்கிப் போய்விடுவாள் என்பது அவர் நம்பிக்கை.

1949 சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை. மகனுக்குப் பெண் பார்க்க முதலாளி புளியங்குடிக்குப் போயிருந்தார். மூன்று மணிக்கு மேற்கே திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. முற்றத்தில் அறுபது பொதி பஞ்சு கிடந்தது. நல்லகண்ணு யோசிக்கவில்லை. சம்மட்டியை எடுத்தார், இரண்டே அடியில் பூட்டு தெறித்தது. பெண்கள் உருட்ட, அவர் தூக்க, மழை விழுவதற்குள் எல்லாம் உள்ளே போய்விட்டது. ஒரு பொதிகூட நனையவில்லை.

மறுநாள் காலையில் முதலாளி பஞ்சைப் பார்க்கவில்லை. பூட்டைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா மகாலட்சுமி தலையில சம்மட்டியப் போட்டிருக்கியே, நீ மனுசனாலே?"

"மழை வந்துட்டு முதலாளி. பஞ்சு பூரா போயிருக்கும்."

"போனா என் பஞ்சுலா போகுது! ஒடைக்க நீ யாருலே?"

உடைந்த பூட்டைக் கையில் கொடுத்து வாசலில் நிறுத்தினார். காலைச் சங்கு முதல் மாலைச் சங்குவரை நல்லகண்ணு அங்கேயே நின்றார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனார்கள். மாடத்தி என்பவள் மட்டும் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் வாங்கவில்லை. அன்று சாயங்காலமே கிட்டங்கிக்குத் தேங்காய் பருமனில் புதுப் பூட்டு வந்தது. பழைய பூட்டு, எல்லாரும் பார்க்கட்டுமென்று ஆபீஸ் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது.

ஆள் வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஒருவனை ஒரே ஒரு நாள் அப்படி நிறுத்தினால் போதும். அப்புறம் அவன் ஆயுசுக்கும் நிற்பான்.

அதன்பின் நல்லகண்ணு எல்லாவற்றுக்கும் கேட்டார். பெல்ட் அறுந்தால் கேட்டார். ஒருத்திக்கு மயக்கம் வந்தால், வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டார். முதலாளிக்குப் பரம திருப்தி. "இப்பத்தான் வே வழிக்கு வந்திருக்கான்" என்றார் சிநேகிதர்களிடம்.

1953 ஆடித்தபசுத் திருவிழா அன்று முதலாளி மத்தியானமே கிட்டங்கியைப் பூட்டி, பூட்டுக்கும் சாவிக்கும் சந்தனம் வைத்துவிட்டு, குடும்பத்தோடு தபசுக் காட்சி பார்க்கப் போய்விட்டார். வேலைக்கு இருந்த மற்ற ஆண்களும் போய்விட்டார்கள். நல்லகண்ணு, எஞ்சின் பார்க்கும் செல்லச்சாமி, முற்றம் கூட்டிக்கொண்டிருந்த சில பெண்கள், அவ்வளவுதான் மிச்சம். ஐந்து மணிக்குக் கிட்டங்கி ஜன்னலில் நூலாகப் புகை தெரிந்தது. மெஷினில் கல் உரசிப் பறந்த ஏதோ ஒரு பொறி, பஞ்சோடு பஞ்சாக உள்ளே போயிருக்கிறது.

மாடத்தி ஜன்னலில் எக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்: "ஒரு பொதிதான் அண்ணாச்சி புகையுது! இழுத்துப் போட்டுத் தண்ணிய ஊத்திரலாம். ஒடைங்க!"

சம்மட்டி சுவரோரம்தான் இருந்தது. அவர் அதைக் கையில் எடுத்தார். திறந்திருந்த ஆபீஸ் வழியாக, ஆணியில் தொங்கிய பழைய பூட்டு கண்ணில் பட்டது. சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"முதலாளியத் தேடிச் செல்லச்சாமி சைக்கிள்ல போயிருக்கான். சாவி இப்ப வந்திரும்."

"தபசுக் கூட்டத்துல எங்கன போய்த் தேடுவான்? நாப்பது குடும்பத்துக் கஞ்சி அண்ணாச்சி அது!"

மாடத்தியே சம்மட்டியைத் தூக்கி அடித்தாள். ஐந்து அடி, ஆறு அடி. பெரிய பூட்டு அசையவில்லை. "நீங்க போட்டா ஒரே போடுல போயிரும்" என்று அழுதாள். நல்லகண்ணு இரண்டடி தள்ளி நின்றார்.

முதலாளி வந்து சேர்ந்தபோது கூரை இறங்கிவிட்டது. இடுப்புச் சாவியில் சந்தனம் அழியாமல் இருந்தது.

"ஏலே, ஒரு பூட்ட ஒடைக்கத் துப்பில்லையா ஒனக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பாக்டரி மறுபடி ஓடவில்லை. முதலாளி விருதுநகரில் வேறு வியாபாரம் தொடங்கினார். பெண்கள் களையெடுக்கப் போனார்கள். எதிரே வந்தாலும் மாடத்தி நல்லகண்ணுவின் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனார். சந்தேகமான காய் ஒன்று கையில் வந்தால், அந்தக் கடை முதலாளி வரும்வரை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பாராம்.

1958 மார்கழியில் அவர் இறந்தார். பரமசிவன் முதலாளி மாலையோடு வந்தார். கண் கலங்கித்தான் இருந்தது.

"இப்படி ஒரு ஆளு இனிக் கெடைக்க மாட்டான் பிச்சம்மா. என் பேச்ச ஒரு தடவகூட மீறினதில்ல."

பிச்சம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு தடவ மீறினாவ, முதலாளி. அதுக்குத்தான் பூட்டக் கையில குடுத்து வாசல்ல நிறுத்தி வச்சியளே."

முதலாளி புருவத்தைச் சுருக்கி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"நானா?" என்றார். "எப்பம்மா?"