முன்னாள் மாவட்டத்து மாப்பிள்ளை

ரஷ்யாவின் இந்தச் சிற்றூருக்குப் பால் பண்ணை ஃபிட்டராக வந்த முதல் வாரம், பக்கத்து வீட்டு வால்யா அக்கா "ரயோனுக்குப் போகிறேன்" என்றார். எனக்கும் சட்டைக்கு இரண்டு மீட்டர் வாங்கி வரச் சொன்னேன். ரயோன் என்றால் துணி அல்ல, மாவட்டம் என்று புரிய ஒரு மாதம் ஆயிற்று. அதைவிட வேடிக்கை, அந்த மாவட்டமே இப்போது கிடையாது.

வால்யா அக்கா மாவட்ட அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவர். அந்த ஸரேச்யே மாவட்டத்தின் வரலாறு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சோவியத் காலத்தில் கிராமங்களைச் சேர்த்து உண்டாக்கினார்கள், பிறகு பக்கத்து மாவட்டத்தோடு இணைத்தார்கள், மறுபடி பிரித்தார்கள், ஆள் குறைந்ததும் ஒரேயடியாகக் கலைத்துவிட்டார்கள். கலைக்கும் ஆணையின் நகலை அடித்ததும் அவரேதான். அந்த அலுவலகக் கட்டடத்தில் இன்று பாதி மருந்துக்கடை, பாதி பூட்டு. மாத்திரை வாங்கப் போனாலும் ஊரார் 'ரயோனுக்கு'த்தான் போவார்கள். இல்லாத மாவட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்களே என்று லேனாவிடம் கிண்டல் செய்வேன். லேனா இங்கே பள்ளி ஆசிரியை. முப்பத்தாறு வயதுக்காரனான என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்த ஒரே ஜீவன்.

அந்த வாய்க்கொழுப்புக்குத் தண்டனை ஸாக்ஸில் கிடைத்தது. ஸாக்ஸ் என்பது இங்கே கல்யாணம் பதியும் அலுவலகம். என் பிறப்புச் சான்றிதழில் ஆவடி, செங்கல்பட்டு மாவட்டம். அண்ணன் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கி அனுப்பிய 'மணமாகாதவர்' சான்றில் ஆவடி, திருவள்ளூர் மாவட்டம். அதிகாரி நீனா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இவர்கள் இரண்டு ஆட்கள், ஒருவருக்கு மணமாகவில்லை என்பது இன்னொருவருக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். லேனா உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். கல்யாணமே கைநழுவிவிடும் போலிருந்தது.

வெளியே வந்து ஆவடி முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "நாம எங்கடா போனோம்? அதே ஊட்லதான் கீறோம். அவங்கதான் மாவட்டத்த மாத்திக்கினே கீறாங்க. அத்த அந்தம்மாகிட்ட சொல்லேன்" என்றான் அண்ணன்.

உள்ளே போய் என் ஓட்டை ரஷ்ய மொழியில் சொன்னேன். நான் பிறந்தபோது எங்கள் ஊர் செங்கல்பட்டு மாவட்டம். பிறகு அதைக் கலைத்து எங்களைத் திருவள்ளூரில் போட்டார்கள். பிற்பாடு செங்கல்பட்டு மாவட்டம் திரும்ப வந்தது, ஆனால் நாங்கள் அதில் இல்லை. 'கலைத்தார்கள்' என்பதற்கான ரஷ்யச் சொல்லுக்குப் பதிலாக, அவசரத்தில், 'கரைத்தார்கள்' என்ற சொல் வந்துவிட்டது. தேநீரில் சர்க்கரையைக் கரைப்பது போலவா என்று நீனா சிரிக்காமல் கேட்டார். பிறகு கைப்பையிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பிறந்த இடத்தைக் காட்டினார். ஸரேச்யே மாவட்டம் என்றிருந்தது.

"எங்களையும் கரைத்தார்கள்" என்றார்.

லேனாவும் அங்கே பிறந்தவள்தான். எங்கள் இருவர் பெயருக்கு நேரேயும் பிறந்த மாவட்டத்தை எழுதி, 'முன்னாள்' என்று சேர்த்து, நீனா முத்திரை குத்தினார். அத்தனை நாள் கிண்டலடித்தவன் அங்கேயே அழுதுவிட்டேன்.

சான்றிதழைப் படம் எடுத்து, அதில் உள்ளதைத் தமிழிலும் எழுதி அண்ணனுக்கு அனுப்பினேன். ஆவடியில் வைக்கும் வரவேற்புக்குப் பத்திரிகை அடிக்க அவன் கரையான்சாவடி அச்சகத்தில் நின்றிருந்தான். உடனே கூப்பிட்டான்.

"மாப்ள மாவட்டம், பொண்ணு மாவட்டம்னு ரெண்டு எடம் காலியா கீது. ரெண்டு பேருக்குமே முன்னாள்னு கீதே, இப்போ இன்னா மாவட்டம்னு அச்சகத்துக்காரர் கேக்கறாரு. இன்னா போடறது?"

லைனில் இருக்கச் சொல்லிவிட்டு லேனாவிடம் கேட்டேன். "இரண்டு பேருக்கும் 'முன்னாள்' என்றே போடச் சொல்" என்றாள் அவள். போனில் அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.