கப்பலின் பின்பக்கத்து அறை

"பால்கனி இல்லாத ரூமா பார்த்துக் குடும்மா" என்று ராஜாங்கம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

டிராவல்ஸ் நடத்தும் முபீனா கம்ப்யூட்டர் திரையிலிருந்து நிமிர்ந்தாள். புதுச்சேரியில் அவளுடைய அலுவலகம் சின்னது. மெக்காவுக்கு உம்ரா போகிறவர்களுக்கும் துபாய், குவைத் போகிறவர்களுக்கும் டிக்கெட் போடுவதுதான் அவளுக்கு முக்கியமான வேலை. சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலுக்கு இப்போதுதான் ஒன்றிரண்டு பேர் கேட்டு வருகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் பால்கனி வேண்டும் என்பார்கள். வேண்டாம் என்றதில் இவர்தான் முதல் ஆள்.

"உங்க பொண்ணு போன்ல பால்கனி ரூம்னுதானே சொன்னாங்க, ஐயா?"

"சொல்லியிருப்பா. எல்லாம் புக் ஆயிடுச்சுன்னு சொல்லிடும்மா. நான் சொன்னேன்னு சொல்லாத."

அதற்குள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் மனைவி ஆண்டாளும் மகள் இலக்கியாவும் உள்ளே வந்துவிட்டார்கள். ராஜாங்கம் சுவரில் மாட்டியிருந்த மெக்கா படத்தைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார்.

ராஜாங்கத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. மரக்காணத்தில் குத்தகைக்கு உப்பளம் வைத்திருக்கிறார். தை பிறந்தால் பாத்தி மிதித்துச் சரிசெய்து, உவர்நீர் பாய்ச்சி, வெயில் தாழும் வரை உப்பு வாருவார். மழைக்காலத்தில் மாமனார் ஊரான பெருமுக்கல் பக்கத்துக் கொல்லையில் மணிலாக் கடலை போடுவார். உப்பளத்து வரப்பில் நின்றால் கடல் இரைச்சல் கேட்கும். ஆனால் ஆயுசுக்கும் அவர் ஒரு படகில் ஏறியதில்லை. கடல் குப்பத்துக்காரர்களுடையது, உப்பு நம்முடையது என்று இருந்துவிட்டவர். அதிகம் படிக்காவிட்டாலும் தமிழ்மேல் ஒரு பிரியம். அதனால்தான் பிள்ளைகளுக்குச் செந்தமிழ், இலக்கியா என்று பெயர் வைத்தார்.

செந்தமிழ் மூத்தவன். கேட்டரிங் படித்துவிட்டு, புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, வெளிநாட்டுக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். பயணிகளின் அறையைச் சுத்தம் செய்வதும் படுக்கை விரிப்பதும் அவன் வேலை. கப்பலில் அவனை 'சென்' என்று கூப்பிட்டார்கள். வீடியோ காலில் வரும்போதெல்லாம் துண்டை யானையாகவும் வாத்தாகவும் மடித்துக் காட்டுவான். "வூட்டுல ஒரு நாளாவது போர்வைய மடிச்சிருப்பியாடா?" என்று ஆண்டாள் சிரிப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில் ஒரு போன் வந்தது. செந்தமிழ் காலை வேலைக்கு வரவில்லை. கப்பல் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. விடிவதற்கு முன் கப்பலின் பின்பக்கத்துக் கம்பி ஓரம் அவன் நிற்பது கேமராவில் இருந்தது. அப்புறம் அவன் இல்லை. வழுக்கி விழுந்தானா, வேறு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கப்பல் திரும்பிப் போய்த் தேடியது, விமானம்கூடச் சுற்றிப் பார்த்தது, பிறகு தேடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னார்கள். உடம்பு வரவில்லை.

உடம்பு இல்லாவிட்டாலும் தர்ப்பையில் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடலாம் என்று பங்காளிகள் வந்து உட்கார்ந்தார்கள். ஆண்டாள் எழுந்து நின்றாள்.

"எம்புள்ள செத்தத எவன் பார்த்தான்? தேடுனானுங்களாம்! எவன் தேடியிருப்பான்? யாராவது காரியம் கீரியம்னு இந்த வாசல்ல வந்தீங்கன்னா நடக்கிறதே வேற."

பங்காளிகள் எழுந்து போனார்கள். அவள் அழவில்லை. சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவள் வீட்டில் இல்லை. ராஜாங்கம் தேடிக்கொண்டு ஓடினால், குப்பத்துப் பக்கம் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தவளை, கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்துகொண்டிருந்தார்கள். "காலு நனைக்கப் போனேன்" என்றாள். அவர் நம்பவில்லை. அன்றையிலிருந்து அவளைத் தனியாக விடுவதில்லை. உப்பளத்துக்குப் போனாலும் கூட்டிப்போய்க் கொட்டகை நிழலில் உட்கார வைப்பார். உப்பு வாரும்போது பாதியில் நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பார்.

அப்படிப்பட்டவள்தான் போன மாதம் சோறு போட்டுக்கொண்டே, "ஒரு தடவ பெரிய கப்பல்ல போவணும். பால்கனி வெச்ச ரூம்பு" என்று கேட்டாள். சென்னையில் வேலை பார்க்கும் இலக்கியா உடனே சரி என்றாள். "ரெண்டு வருஷமா அம்மா வாயத் தொறந்து எதுவும் கேட்கலப்பா. இத ஒண்ணுதான் கேட்டிருக்காங்க" என்றாள். ராஜாங்கத்தால் மறுக்க முடியவில்லை. மனதில் இருந்ததை மகளிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

இப்போது ஆண்டாள் முபீனாவுக்கு எதிரே உட்கார்ந்து, "பால்கனி ரூம்பு இருக்குதாம்மா?" என்று கேட்டாள்.

முபீனா ஒரு நொடி ராஜாங்கத்தின் முதுகைப் பார்த்தாள். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "இருக்குதும்மா" என்று திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். கப்பலை மாடி மாடியாகப் பிரித்துக் கட்டம் கட்டமாகப் படம் போட்டிருந்தது.

"நடுவுல எடுத்துக்குங்கம்மா. கப்பல் ஆடினாலும் நடுவுல அவ்வளவா தெரியாது. கீழ் மாடின்னா இன்னும் நல்லது. இந்த வரிசை வேண்டாம், நேரா உயிர்காக்கிற படகு தொங்கும், கடலை மறைச்சுடும். நீச்சல் குளத்துக்கு நேர் கீழயும் வேண்டாம், நாள் பூரா சேர் இழுக்கிற சத்தம் கேட்கும்."

"வலது பக்கம் எடுத்தா போவும்போது நம்ம கரை தெரியுமா?" என்று இலக்கியா கேட்டாள்.

"கரையைப் பார்க்கிறதுக்கா கப்பல்ல போறோம்?" என்றாள் ஆண்டாள். அவள் விரல் படத்தின் மேல் மெல்ல நகர்ந்து கடைசிக் கட்டத்தில் போய் நின்றது. "இது இன்னா?"

"அது கப்பலோட பின்பக்கம்மா. பால்கனி பின்னால பார்த்தாப்பல இருக்கும். இன்ஜின் அதிரும், வயசானவங்களுக்குத் தூக்கம் வராது. போற வழி எதுவும் தெரியாது. விட்டுட்டு வந்த தண்ணிதான் தெரியும்."

"அதான் வேணும்."

"பின்பக்கம் வேணாம்!" ராஜாங்கத்தின் குரல் அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது. "பின்னாலயும் வேணாம், பால்கனியும் வேணாம். உள்ளாற ஒரு ரூம் போடும்மா. கப்பல்ல போனா போதாதா?"

இலக்கியா திகைத்துப்போய் அப்பாவைப் பார்த்தாள். ஆண்டாள் திரும்பவே இல்லை. அவரை ஒருமையில் பேசி அறியாதவள், திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நான் குதிச்சுடுவேன்னு பயப்படுறியா?"

முபீனா எழுந்து வெளியே போகப் பார்த்தாள். ஆண்டாள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீயும் கேளும்மா. எம்புள்ள கப்பலோட பின்னாலருந்துதான் விழுந்தான்னு சொல்றாங்க. அம்மாம் பெரிய கப்பல். ஆயிரம் ரூம்பு. எல்லாரும் போற வழியப் பார்த்துக்கினு இருந்திருக்காங்க. பின்னால பார்த்தாப்பல ஒரே ஒரு ஆளு உட்கார்ந்திருந்தா, தோ விழுந்துட்டான்னு ஒரு கத்து கத்தியிருக்க மாட்டாங்களா? கப்பலை நிறுத்தியிருக்க மாட்டாங்களா? அந்த எடத்துல நான் உட்கார்ந்து பார்க்கணும். வேற ஒண்ணும் இல்ல. நான் சாவுறதுக்கு எதுக்கும்மா இலங்கை வரைக்கும் போவணும்?"

முபீனாவின் அண்ணன் சவூதியில் இருக்கிறான். அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கடைசிக் கட்டத்தை அழுத்தினாள். அதற்குப் பக்கத்து அறையை இலக்கியாவுக்குப் போட்டாள். கிளம்பும்போது ராஜாங்கத்திடம் மட்டும், "கம்பி மாருக்கு மேல உயரம் இருக்கும் ஐயா. கண்ணாடியும் போட்டிருப்பாங்க" என்றாள்.

சென்னைத் துறைமுகத்தில் ராஜாங்கம் அந்தக் கப்பலை அண்ணாந்து பார்த்தார். ஒரு தெருவையே தூக்கி நிறுத்தியது போல இருந்தது. அறைக்குள் நுழைந்ததும் அவர் முதலில் பால்கனிக்குப் போனார். கம்பியைத் தன் நெஞ்சோடு அளந்து பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். பிறகு கிடந்த இரண்டு நாற்காலியில் ஒன்றைக் கம்பிக்குப் பக்கத்தில் போட்டுத் தான் உட்கார்ந்துகொண்டு, இன்னொன்றை உள்பக்கமாகச் சுவரை ஒட்டி அவளுக்குப் போட்டார். ஆண்டாள் அதைப் பார்த்தாள்.

முபீனா சொன்னது சரிதான். இன்ஜின் கட்டிலுக்குள்ளேயே ஓடுவது போல அதிர்ந்தது. மறுநாள் காலையில் அறையைச் சுத்தம் செய்ய ஒருவன் வந்தான். வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளை, வெள்ளைச் சட்டை, நெஞ்சில் பெயர்ப்பட்டை. படுக்கையை விரிக்கப் போனவன் தயங்கி நின்றான். ஆண்டாள் ஏற்கெனவே விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, போர்வையை மடித்து, துண்டையெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். அவன் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். "சாப்ட்டியாப்பா?" என்று இவள் கேட்டாள். அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரித்துத் தலையை ஆட்டினான். அவன் போன பிறகு கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அவள் பால்கனிக்கு வந்து உட்கார்ந்தாள்.

கரை எந்தப் பக்கமும் இல்லை. கப்பலுக்குப் பின்னால் தண்ணீர் வெள்ளையாகக் கொதித்து, ஏர் ஓட்டிய சால் போல நீண்டு, கொஞ்ச தூரத்தில் மூடிக்கொண்டு, மறுபடி வெறும் கடலாகிவிட்டது. ஆண்டாள் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இலக்கியா சாப்பிடக் கூப்பிட்டபோதும் போகவில்லை. ராஜாங்கம் கடலைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியபோது காற்று பலமாக அடித்தது. மேல் மாடியில் யாரோ ஒரு பெண் கூவினாள். ஒரு சிவப்புத் தொப்பி, அகலமான விளிம்பு வைத்தது, இவர்கள் கண்ணுக்கு முன்னால் சுழன்று சுழன்று இறங்கியது. தண்ணீரில் விழுந்தது.

ஆண்டாள் துள்ளி எழுந்து கம்பியைப் பிடித்தாள். ராஜாங்கம் பாய்ந்து அவள் இடுப்பை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவள் திமிறவில்லை. அவர் பிடித்திருப்பதே அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. கையை நீட்டி அந்தச் சிவப்பைக் காட்டிக்கொண்டே நின்றாள். "தோ இருக்குது... தோ இருக்குது..." நுரைக்குள் அது ஒரு முறை மேலே வந்தது. இன்னொரு முறை வந்தது. பிறகு பொட்டளவு ஆனது. "தோ..." என்று நீட்டிய விரல் அப்படியே நின்றுவிட்டது.

வெகு நேரம் அவள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது.

"கண்ண எடுக்கலைங்க" என்றாள். "பார்த்துக்கினேதான் இருந்தேன். செவப்புத் தொப்பி. பட்டப்பகலு. எங்க போச்சுன்னு தெரியலியே."

"ஆண்டாளு..."

"அவன் விழுந்தப்ப இருட்டுங்க."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஊரில் சாவு வீட்டில் அழுவது போல மார்பில் அடித்துக்கொண்டு, மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். பக்கத்து அறையிலிருந்து இலக்கியா ஓடி வந்தாள். ராஜாங்கம் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் முதல் தடவையாக அந்தத் தண்ணீரை நிமிர்ந்து பார்த்தார். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. எங்கே என்று பார்ப்பது? அவருடைய வாய் கோணியது. மகள் எதிரில் அழக்கூடாது என்று இத்தனை நாள் வைத்திருந்தவர், தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பினார். இலக்கியா இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

அழுது ஓய்ந்த பிறகு ஆண்டாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தேடியிருப்பாங்க. பாவம், இதுல எங்கன்னு தேடுவாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஊருக்குப் போயி செய்ய வேண்டியதச் செஞ்சுடுங்க. புள்ள எத்தினி நாளு அப்படியே நிப்பான்" என்றாள்.

இலங்கையில் இறங்கிச் சுற்றிப் பார்க்க அவர்கள் போகவில்லை. திரும்பி வரும் வழியிலும் அந்தப் பால்கனியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ராஜாங்கம் தன் நாற்காலியைக் கம்பியிலிருந்து இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

ஊர் திரும்பி, அடுத்து வந்த அமாவாசைக்குக் காரியம் நடந்தது. தர்ப்பையில் உருவம் செய்து, பெற்றவரே பிள்ளைக்குக் கொள்ளி வைத்தார். மகனுக்கு அப்பன் செய்யும்படி ஆயிற்றே என்று வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். ஆண்டாள் தன் கையால் அவனுக்குப் பிடித்த இறால் தொக்கு செய்து படைத்தாள். சாம்பலை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனபோது அவளும் வந்தாள். அலை வந்து தொடும் இடத்தில் நின்றாள். கணுக்காலுக்கு மேல் அவள் இறங்கவில்லை.

மறுநாள் பொழுது விடிந்து வெயில் வாசலுக்கு வந்த பிறகும் ஆண்டாள் எழுந்திருக்கவில்லை. வாயை லேசாகத் திறந்தபடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்படித் தூங்கிப் பார்த்து வெகு காலம் ஆகிவிட்டது. ராஜாங்கம் கொஞ்ச நேரம் நின்றார். எழுப்ப மனம் வரவில்லை. மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, கதவை வெறுமனே சாத்திக்கொண்டு, தான் மட்டும் உப்பளத்துக்கு நடந்தார்.